‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல் எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் ஒன்பது ஏக்கர் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை பார்த்து வருகிறேன். தொலைக்காட்சிகளில் சொல்லப்படும் வானிலைக்கும் எங்கள் காட்டில் உள்ளபடி இருக்கும் வானிலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். இதைச் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். மையம் எழுதிக் கொடுக்கும் அறிக்கை ஒன்றாக இருக்க, அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது வேறொன்றாகிவிடுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஐப்பசியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. குருத்தில் படைப்புழு இறங்கிவிட்டது. மருந்து வாங்கி வைத்து, தெளிப்பதற்கு ஆட்களையும் சொல்லியிருந்த அன்று இரவு, ஒரு செய்தித் தொலைக்காட்சியில் எங்கள் மாவட்டம் முழுவதையும் ஆரஞ்சு நிறத்தில் காட்டி, இடி இடிக்கும் ஓசையும் சேர்த்து, தூத்துக்குடியில் கனமழை கொட்டப் போகிறது என்றார்கள். தெளித்த மருந்து இலையில் பிடிப்பதற்குள் மழை விழுந்தால் மருந்துக் காசும் கூலியும் ஓடைத் தண்ணீரோடு போய்விடும் என்பதால் ஆட்களை நிறுத்திவிட்டேன். மறுநாளும் அதே செய்தி. அதற்கு மறுநாளும் அதே. மூன்று நாளும் எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட விழவில்லை. மூன்றாம் நாள் மாலை, திருச்செந்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் கைப்பேசியில் அழைத்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, அங்கே காடு எப்படியிருக்கிறது அப்பா என்று கேட்டாள். இங்கே புழுதி பறக்கிறதம்மா என்றேன். நான்காம் நாள் மருந்து அடித்தபோது புழு குருத்துக்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அந்த வருஷம் எனக்குக் கண்டுமுதல் பாதிதான்.

அந்த மூன்று நாளும் முன்னறிவிப்பு பொய்த்ததா என்றால், பொய்க்கவில்லை. மாவட்டத்தில் கனமழை என்றார்கள், மாவட்டத்தில் பெய்தது. நான் நின்ற இடத்தில் பெய்யவில்லை, அவ்வளவுதான். கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் பிற்பாடு ஒரு நாள் வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். அதில் எங்கள் மாவட்டத்தின் பெயரும் இன்னும் சில மாவட்டங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. அவற்றின் பின்னால் ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்று இருந்தது. தொலைக்காட்சியில் நான் கேட்ட வாக்கியத்தில் மாவட்டமும் கனமழையும் இருந்தன. ‘ஓரிரு இடங்களில்’ என்ற இரண்டு சொற்கள் இல்லை.

அந்த இரண்டு சொற்களைப் பேச்சு வழக்கில் சும்மா சேர்த்துக்கொள்ளும் சொற்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை, அவற்றுக்கு அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் அது ‘ஓரிரு இடங்கள்’. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் ‘ஒருசில இடங்கள்’. பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரை ‘அநேக இடங்கள்’. அதற்கும் மேலே போனால்தான் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ஒரு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை என்று மையம் சொன்னால், அம்மாவட்டத்தின் முக்கால் பங்கு இடங்களில் கனமழை இருக்காது என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்து ஊரில் எட்டு ஊர்க்காரருக்கு உரிய செய்தி அந்தப் பாதியில்தான் இருக்கிறது. திரையில் விழுந்துபோவதும் அந்தப் பாதியே.

‘கனமழை’ என்ற சொல்லும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கனமழை ஆகாது. சென்டிமீட்டரில் முழு எண்ணாகச் சொன்னால், ஏழு முதல் பதினொன்று வரை கனமழை. பன்னிரண்டு முதல் இருபது வரை மிக கனமழை. இருபதுக்கு மேல் அதி கனமழை. செய்தி வாசிப்பவர் இந்த மூன்றையும் கலந்து, ஒரே செய்தியில் கனமழை, மிக பலத்த மழை, பேய்மழை என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது, ஐந்து மி.மீ. தூறலுக்கும் இருபது செ.மீ. வெள்ளத்துக்கும் நடுவே எங்களுக்கு வேற்றுமை தெரியாமல் போகிறது. அதோடு, மையம் ‘பெய்யக்கூடும்’ என்று எழுதியது தொலைக்காட்சியில் ‘கொட்டித் தீர்க்கும்’ என்று ஆகிவிடுகிறது. ‘கூடும்’ என்பதில் இருந்த ஐயம் பார்க்கிறவனுக்கு உரியது. அதை வைத்துத்தான் அவன் தன் வேலையைத் திட்டமிட முடியும். அதை எடுத்துவிட யாருக்கு உரிமை?

இன்னொரு சிறிய விஷயம், ஆனால் எங்களைப் போன்ற மாவட்டத்தாருக்குச் சிறியது அல்ல. எங்கள் மாவட்டத்துக்கும் அதன் தலைநகருக்கும் பெயர் ஒன்றுதான். ‘தூத்துக்குடி மாவட்டத்தில்’ என்பது நேரம் கருதித் ‘தூத்துக்குடியில்’ என்று சுருங்கும்போது, துறைமுக நகரத்து ஆள் தன் தெருவுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் நாங்கள் இது நமக்கா, நகரத்துக்கா என்று தெரியாமல் விழிக்கிறோம். திருநெல்வேலி, கோயம்புத்தூர், ஈரோடு என்று தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு இதே கதிதான்.

எங்கள் மாவட்டத்தின் பரப்பு 4,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், பத்து வட்டங்கள். தெற்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். சாத்தான்குளம் பக்கம் செம்மண் தேரியும் பனையும். கடற்கரை நெடுக உப்பளங்கள். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் எல்லாம் வானம் பார்த்த கரிசல். உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, மிளகாய். ஒரே மழை இங்கே நான்கு பேருக்கு நான்கு விதமாகப் படும். கரிசல்காரன் ஏங்கி நிற்கும் மழை உப்பளத்துக்காரருக்கு நஷ்டம். வாழைக்குக் காற்று எத்தனை வேகம் என்பதுதான் கேள்வி, மழை எவ்வளவு என்பது அடுத்தது. இவ்வளவையும் ஒரு நிறத்தால் பூசி, ஒரு வாக்கியத்தால் சொல்லிவிட முடியும் என்று தொலைக்காட்சிகள் நம்புவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலிலிருந்து வரும் மேகத் திரள்கள் கரையோரத்தில் இரவிலும் விடியற்காலையிலும் கொட்டிவிட்டு, உள்ளே வரவர வலுவிழக்கும் நாட்கள் உண்டு. உட்பகுதியில் பிற்பகல் வெப்பத்தில் திரண்டு, நாலைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் பெய்துவிட்டுக் கலையும் இடிமழையும் உண்டு. மாட்டின் ஒரு கொம்பு நனைய மறு கொம்பு காய என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எந்த ஊரில் எத்தனை மணிக்கு விழும் என்று முந்தின நாளே சொல்லுங்கள் என யாரும் கேட்கவில்லை. அது எந்த நாட்டு விஞ்ஞானத்தாலும் முடியாது என்ற அளவுக்கு எங்களுக்கும் தெரியும். முடியாது என்பதை முடியாது என்றே சொல்லும் சொல்தான் ‘ஓரிரு இடங்களில்’. அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

மழை குறைவாகப் பெய்த நாட்களைப் பற்றியே பேசுகிறேன் என்று தோன்றலாம். எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை எங்கள் மாவட்டத்தார் சாகும்வரை மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 18 அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53, தூத்துக்குடியில் 36 என்று மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 65 செ.மீ.தான், காயல்பட்டினத்தில் ஓராண்டு மழையும் அதற்கு மேல் இன்னொரு பாதியும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதையும் நாடே பார்த்தது. எச்சரிக்கை போதிய முன்னேரத்தில் வந்ததா, எதிர்பார்த்த அளவு சரியாகச் சொல்லப்பட்டதா என்று மாநில அரசும் மத்திய அரசும் அப்போது மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

எனக்கு அதில் உறுத்துவது வேறு. அதி கனமழை என்ற வகைக்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் சிவப்பு, 95 செ.மீ. பெய்தாலும் சிவப்பு. ஆண்டுக்கு நான்கு முறை சிவப்பைக் காட்டி, அதில் மூன்று முறை எங்கள் தெரு நனையாமலே போயிருந்தால், ஐந்தாவது முறை அந்தச் சிவப்பைப் பார்த்து யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார்? அன்றைக்கு என் மகளின் தெருவில் பலரும் இதைத்தான் சொன்னார்களாம்: போன மாதமும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே என்று. மிகைப்படுத்திச் சொல்லப்பட்ட ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நாளின் எச்சரிக்கையைச் சிறிது சிறிதாகத் தின்றிருக்கிறது.

முன்னறிவிப்பிலேயே குறை உள்ள இடங்களும் இருக்கின்றன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மேகத்துக்குள் இருக்கும் நீரை அளந்து, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் எங்கே விழும் என்று சொல்ல உதவுவது ரேடார். சென்னை ரேடார் எங்களுக்கு எட்டாது. காரைக்காலில் இருப்பது தூத்துக்குடியிலிருந்து 300 கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் ரேடாரின் கதிர் தொலைவு செல்லச் செல்லத் தரையைவிட்டு மேலே போய்க்கொண்டேயிருக்கும். எங்கள் தலைக்கு மேல் வரும்போது அது ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே தவழ்ந்து வரும் மழைமேகம் அதன் கண்ணில் படாது. மேற்கே திருவனந்தபுரத்தில் ரேடார் உண்டு. நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. எனவே தென்மாவட்டங்களுக்கு உடனடி எச்சரிக்கை சென்னைக்குக் கிடைப்பதுபோல் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் இந்தக் குறையைத் தொலைக்காட்சியில் ஒருவரும் சொல்வதில்லை. சென்னைக்கும் விளாத்திகுளத்துக்கும் ஒரே உறுதியோடு, ஒரே குரலில் சொல்கிறார்கள்.

சென்னைக்கே அப்படி எல்லாம் சரியாக வாய்த்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் நகரத்தின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் பெய்த மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2024 அக்டோபரில் நேர்மாறாக, 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டு, வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர்ந்ததில் அன்றைக்கு நகரம் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. அந்த மக்களைப் பார்த்து அப்போது சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். கார் வைத்திருப்பவருக்கு மேம்பாலம் இருந்தது. மருந்தை அடிப்பதா நிறுத்துவதா என்று நிற்பவனுக்கு அப்படி ஒன்று இல்லை என்பது தவிர, அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான்.

செய்தி பழையதாகிப் போவது இன்னொரு தொல்லை. மையத்தின் அறிக்கை நாளுக்கு ஒருமுறை எழுதி வைத்துவிடும் பஞ்சாங்கம் அல்ல. நிலைமை மாறும்போது அதுவும் மாற்றி வெளியிடப்படுகிறது, மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் தனியே வருகிறது. ஆனால் காலையில் எழுதிய வரி திரையின் அடியில் இரவு வரை ஓடிக்கொண்டிருக்கும். ‘அடுத்த 24 மணி நேரத்துக்கு’ என்று அதில் இருக்கும். எந்த மணியிலிருந்து 24 என்பது இருக்காது. காலை ஆறு மணிக்குக் கேட்டவனுக்கும் இரவு பத்து மணிக்குக் கேட்டவனுக்கும் அது வெவ்வேறு நாள். அறிக்கை வெளியான நேரத்தை மூலையில் சிறிய எழுத்தில் போட எவ்வளவு இடம் பிடித்துவிடும்?

செய்தியாகாத மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் பத்திரிகைகளும் கவனிப்பதில்லை. தை மாதத்தில் உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருக்கும்போது எங்களைக் கெடுக்க ஏழு செ.மீ. மழை தேவையில்லை, அரை செ.மீ. போதும். நெற்று நனைந்து, பயறு நிறம் மாறி, வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார். காயப்போட்ட வத்தலுக்கும் அப்படித்தான். புரட்டாசியில் புழுதியில் விதைத்தவனுக்கோ, ஆழ நனைக்காமல் மேலாகப் போகும் சிறுமழை பெரிய சதி. விதை முளை விட்டு, அடியில் ஈரமில்லாமல் கருகிவிடும். இந்தச் சிறு மழையெல்லாம் மையத்தின் அறிக்கையில் ‘லேசான மழை’ என்று ஒரு வரியாக இருக்கிறது. தொலைக்காட்சிக்கு அது செய்தி இல்லை. படம் காட்ட வெள்ளமில்லை, நிறம் பூச எச்சரிக்கையில்லை. ஒரு தை மாதம், இனி மழைக்கு வாய்ப்பில்லை என்று இரவுச் செய்தியில் கேட்டுவிட்டுத் தார்ப்பாயை மடித்து வைத்துப் படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்குக் கூரைத் தகரத்தில் சடசடவென்று சத்தம். நானும் என் மனைவியும் கையில் கிடைத்த சேலை, சாக்கு, கட்டில் விரிப்பு எல்லாவற்றையும் போட்டு மூடியும் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை என்று முதல் நாள் நண்பகல் அறிக்கையில் இருந்ததைத் தங்கை மகன் மறுநாள் எடுத்துக் காட்டினான். உன் கைப்பேசியை என் களத்திலேயே கட்டித் தொங்கவிடு என்று அவனிடம் கோபமாகச் சொன்னேன். அவன்மேல் என்ன தப்பு.

வேளாண் வானிலை அறிவுரை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் தனியாக வெளிவருகிறது. கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் காட்டு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அறுபதை ஒட்டியவர்கள்; சின்னஞ்சிறு எழுத்தில் செயலியைத் திறந்து, மாவட்டம், வட்டாரம் என்று தட்டித் தட்டிப் போக அவர்களுக்குக் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது தொலைக்காட்சியில் காதில் விழுவதுதான் அவர்களுக்கு வானிலை. இளவட்டங்கள் சமூக ஊடகத்தில் தனியார் வானிலை ஆர்வலர்களைப் பின்தொடர்கிறார்கள். அவர்களில் சிலர், எந்தப் பக்கத்து மேகம் எந்த ஊரை நோக்கி வருகிறது, எது கரைந்துபோகும் என்று ஊர்ப் பெயர் சொல்லி விளக்குவதைப் பார்க்கும்போது, இதே வேலையைப் பெரிய பெரிய அரங்கங்கள் வைத்திருக்கும் தொலைக்காட்சிகள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி வருகிறது. ஆர்வலர்களிலும் பயமுறுத்தியே பார்வையாளரைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

மாவட்டத்துக்குக் கீழே இறங்கிச் சொல்வது அரசுக்குப் பழக்கமில்லாத காரியமும் அல்ல. நீலகிரியில் மழை பலமாக இருந்தால் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் ஆட்சியர் பள்ளி விடுமுறை விடுகிறார். கோயம்புத்தூரில் வால்பாறை வட்டத்துக்கு மட்டும் விடுகிறார். சின்னக்கல்லாறில் கொட்டும் மழைக்கும் சூலூரின் வெயிலுக்கும் ஒரே விடுமுறை பொருந்தாது என்பது ஆட்சியருக்குத் தெரிகிறது. எங்கள் பயிர்க் காப்பீட்டுக்கு இழப்பைக் கணக்கிடும்போது வருவாய்க் கிராமம், குறுவட்டம் என்று அலகு பிரித்து, பக்கத்துக் குறுவட்டத்தில் விளைச்சல் போனதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பணம் கொடுக்கும்போது குறுவட்டம், எச்சரிக்கை கொடுக்கும்போது மாவட்டமா? ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் என்ற அளவில் கணக்கிடும் புதிய முன்கணிப்பு முறை 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டம் பன்னிரண்டு கிலோமீட்டர். கட்டம் சிறியதாகிவிட்டதால் கணிப்பு என் காடு வரை சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் கடற்கரை வட்டங்களுக்கு வாய்ப்பு கூடுதல், வடக்கு வட்டங்களுக்குக் குறைவு என்று சொல்லும் அளவுக்காவது அது உதவ வேண்டும். தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகள் அமைக்கும் திட்டத்தை அறிவித்ததும் இதற்காகத்தானே.

ஆகவே தொலைக்காட்சி நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவுமில்லை. மையத்தின் வாக்கியத்தை அது எழுதப்பட்டபடியே, ‘ஓரிரு’, ‘ஒருசில’, ‘கூடும்’ என்ற சொற்களோடு வாசியுங்கள்; அச்சொற்களுக்கு என்ன அளவு என்பதை வாரத்தில் ஒரு நாளாவது விளக்குங்கள். மாவட்டம் என்றால் மாவட்டம் என்றே சொல்லுங்கள். மாவட்டப் படத்தை ஒரே நிறத்தில் பூசுவதற்கு முன், கடலோரமா, மலையோரமா, உட்பகுதியா என்று மையமோ ஆட்சியர் அலுவலகமோ சொல்லியிருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாட்களில், அறுவடைக் காலத்தில், லேசான மழையையும் ஒரு வரி சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று நீங்கள் சொன்னது என்ன, பெய்தது என்ன என்பதை இன்று ஒரு நிமிடம் காட்டுங்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்தைப் பத்து முறை திருப்பிக் காட்டுகிறவர்களுக்கு இது முடியாததா?

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மழைக்காலத்தில் தங்கள் மாவட்டப் பக்கத்தில் நேற்றைய மழையளவு என்று ஒரு சிறு பட்டியல் வரும்: காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், சாத்தான்குளம், கழுகுமலை, கடம்பூர், மணியாச்சி, வேடநத்தம், கீழ அரசடி, காடல்குடி, வைப்பார், சூரங்குடி என்று மழைமானி உள்ள ஊர்களின் பெயரும் மில்லிமீட்டர் கணக்கும். எங்கள் ஊர் டீக்கடையில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான். ஒரே நாளில் ஒரு ஊருக்கு எண்பது, அடுத்த ஊருக்குப் பூஜ்யம் என்று அதில் இருப்பதைப் பார்க்கும்போது மாவட்ட மழை என்ற ஒன்று கிடையாது என்பது எவருக்கும் புரியும். அந்தப் பட்டியலின் பக்கத்தில் இன்னொரு வரிசை சேர்த்து, முதல் நாள் மையம் வெளியிட்ட வாக்கியத்தை அப்படியே அச்சிடுங்கள். பட்டியலில் இடம் போதாது என்றால் விளம்பரத்தில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துச் சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு நானே ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கிக் களத்து மேட்டில் நட்டிருக்கிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து, நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தொலைக்காட்சி சொன்னதையும், நடுவில் தங்கை மகன் அனுப்பும் மையத்தின் வாக்கியத்தையும், வலப்பக்கம் என் மானியில் விழுந்ததையும் எழுதி வருகிறேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டாத நாட்கள் பாதிக்கு மேல். நடுப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டாத நாட்கள் அதைவிட வெகு குறைவு. தாங்கள் அந்த இரண்டாவது வரிசையை அச்சிடத் தொடங்குவதாக இருந்தால், எங்கள் வட்டத்து நிருபர் வந்து அந்த நோட்டை வாங்கிப் பார்க்கலாம். கார்த்திகை வரை நான் காட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.